சேலத்திலும் ஏற்காட்டிலும் பெண் கைவினைஞர்களிடம் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ஒரு பொருள், தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பரிசு. இப்படி வாங்கும்போது "பெண்கள் கையால் செய்ததாக இருக்கட்டும், நாலு பேருக்கு உதவியாகவும் இருக்கும்" என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நினைப்பதோடு சரி, பலரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பொருளைப் பிடித்துவிடுகிறார்கள், அடுத்து விலையைக் குறைக்கிறார்கள், பில் போடும்போதுதான் "இது யார் செஞ்சது?" என்று கேட்கிறார்கள். காசு யார் கைக்குப் போகும் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும்.

செய்த கை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். தரம், விலை, பணம் கொடுக்கும் விதம் எல்லாம் அதற்குப் பின்னால். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. புறப்படும் முன் எழுதி வைக்க வேண்டியவை

பொருள் எந்தத் தேதிக்குள் வீட்டுக்கு வர வேண்டும், எத்தனை வேண்டும், ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். விசேஷத் தேதியை எழுத வேண்டாம். அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியை எழுதுங்கள். இருநூறு பையில் பத்துப் பைக்குக் கைப்பிடி தையல் விட்டுப் போனால் திருத்தித் தர அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

பொருள் வாங்க ஒதுக்கிய தொகையையும் தானமாகக் கொடுக்க நினைக்கும் தொகையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கலந்துவிட்டால், தரமில்லாத பொருளை "பாவம், போகட்டும்" என்று வாங்கிவிட்டு மறுமுறை அந்தப் பக்கமே போகமாட்டோம். தானமாகக் கொடுத்ததற்கு ரசீதும் இருக்காது.

சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். ஏற்காட்டில் பல இடங்களில் போனில் சிக்னல் வராது. பணம் போகவில்லை என்று பாதிப் பொருளைத் திருப்பி வைத்தால், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்குத்தான் நஷ்டம்.

2. எந்தப் பொருளில் தொடங்குவது

முதல்முறை வாங்குபவர்கள் துணிப்பை, ஒயர் கூடை, வடாம் வகைகளில் தொடங்குவது நல்லது. செய்தவரை நேரில் பார்க்க முடியும், தரத்தைக் கையாலேயே சோதிக்க முடியும், செலவைக் கணக்குப் போடுவதும் எளிது. 2021 டிசம்பரில் தமிழக அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து துணிப்பை கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தாலே செய்யக்கூடிய வேலை இது. ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள், 2023இல் புவிசார் குறியீடும் (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம்) வாங்கியது. ஜவ்வரிசி வடாம், கூழ்வடாம் போடும் குழுக்களைத் தேடிப் பிடிப்பது கடினமில்லை. வெயில் காலத்தில் மொத்தமாகக் காயவைத்துக்கொள்வார்கள் என்பதால், மழை மாதங்களில் திடீரென்று பெரிய ஆர்டரோடு போக வேண்டாம்.

கைத்தறிக்குக் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்க வேண்டும். அம்மாப்பேட்டை, குகை, ஜலகண்டாபுரம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் தார் சுற்றுவது (நூலைக் குழலில் ஏற்றுவது), இழை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அந்த உழைப்புக்கென்று தனிக் கூலி கிடையாது. தறிக்கூலியோடு சேர்ந்தே வந்துவிடும். அதனால் "நெசவாளர் யார்?" என்று மட்டும் கேட்டால் வீட்டு ஆணின் பெயர்தான் வரும். "தறியில யாருங்க உட்கார்றாங்க, சங்கத்துல யார் பேர்ல உறுப்பினர்?" என்று கேளுங்கள். தன் பெயரிலேயே கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருக்கும் பெண் நெய்த துணி கிடைத்தால் கூலி அவர் கணக்குக்கே போகும்.

இளம்பிள்ளைச் சேலை பெரும்பாலும் விசைத்தறி. அதுவும் உழைத்துச் சம்பாதிக்கும் தொழில்தான், அதில் பெண்களும் நிறைய வேலை செய்கிறார்கள். விசைத்தறி என்று தெரிந்து அந்த விலைக்கு வாங்கினால் ஒரு குறையும் இல்லை. அதையே கைத்தறி என்று சொல்லி விற்றால், கைத்தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பிழைப்பில் அது கை வைக்கிறது.

கொலுசைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு சங்கிலி கோர்ப்பது, சலங்கை வைப்பது போன்ற வேலைகளைப் பெண்கள் கூலிக்குச் செய்கிறார்கள். ஒரு ஜோடி கொலுசு பல கை மாறித்தான் கடைக்கு வரும். கடையில் வாங்கும்போது எந்தக் கைக்கு எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. நேரடியாக ஆர்டர் எடுக்கும் வீட்டுப் பட்டறை, தெரிந்தவர் மூலம் அமைந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

3. விற்பவர் யார் என்று தெரிந்துகொள்வது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாம் இதை வைத்துத்தான்.

தொடங்கச் சரியான இடம் மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. குழுக்கள் அதன் கீழ் வருகின்றன. மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் "எங்களுக்கு இருநூறு துணிப்பை வேண்டும், எந்தக் குழு தைக்கும்?" என்று கேட்டால் வழி சொல்வார்கள். குழுப் பொருட்களுக்கென்று 'மதி' என்ற பெயரும், மாவட்டங்களில் 'பூமாலை' வணிக வளாகங்களும், கல்லூரிகளுக்குள்ளேயே நடக்கும் கல்லூரிச் சந்தைகளும் உண்டு. வாங்காவிட்டாலும் ஒருமுறை சந்தைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, பிடித்த குழுவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு உதவும்.

எங்கே வாங்கினாலும் மூன்று கேள்விகள். யார் செய்தது? எங்கே உட்கார்ந்து செய்கிறார்கள்? ஒன்றுக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பதிலின் விதத்திலேயே பாதி புரிந்துவிடும். செய்தவர் தொல்லைகளோடு சேர்த்துத்தான் சொல்வார். ஒரு சந்தையில் கூடை விற்ற அக்காவிடம், என்னோடு வந்த பெண் "இது நீங்களே போட்டதாக்கா?" என்று கேட்டாள். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கூடையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "இந்த மூலையில சிவப்பு ஒயரு தீந்துபோச்சு, கடையில அதே கலரு கிடைக்கல, அதான் கொஞ்சம் வெளுப்பா இருக்கு பாரு. சிவன் கண்ணு பின்னல், இதுக்கு நேரம் ஜாஸ்தி. பிஸ்கட் முடிச்சுன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்." வாங்கி விற்பவரிடம் இந்தப் பேச்சு வராது. "எல்லாம் ஹேண்ட்மேட்தாங்க, எந்தக் கலர் வேணும்?" என்பதோடு நின்றுவிடும்.

வாங்கி விற்பது தவறில்லை. வாட்ஸ்அப்பில் சேலை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் வாங்கலாம். நீங்கள் ஆதரிப்பது செய்தவரையா விற்பவரையா என்று தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். குழுவின் பெயரோ அந்தப் பெண்ணின் பெயரோ வந்தால் சரி. "மகளிர் தயாரிப்பு" என்று பலகை வைத்துவிட்டு, சம்பந்தமில்லாத ஒரு ஏஜென்சியின் பெயர் வந்தால் கேளுங்கள். கணவர், மகன் பெயர் வருவதும் உண்டு. அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். "உங்க பேர்லயே ஒண்ணு எடுத்துக்கலாமே அக்கா" என்று சொல்லிவிட்டு, முடிந்தால் கையில் ரொக்கமாகக் கொடுங்கள்.

கைவினைஞர்களுக்கு மத்திய அரசு தரும் 'பெஹ்சான்' அடையாள அட்டை இருந்தால் நல்லது. அட்டை இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்காதீர்கள். வீட்டோடு கூடை போடும் பலரும் அதற்கு விண்ணப்பித்திருக்க மாட்டார்கள்.

4. ஏற்காட்டில் வாங்கும்போது

மலையில் பலரும் தடுமாறுவது ஏரிப் பக்கம்தான். வண்டியை நிறுத்தியதும் கண்ணில் படும் முதல் கடையில் மிளகு, காப்பித்தூள், தேன், தைலம் எல்லாம் வாங்கிவிடுகிறார்கள். அடுக்கிவைத்த எல்லாமே சேர்வராயன் மலையில் விளைந்தது என்று சொல்ல முடியாது.

முதல் நாள் வாங்காதீர்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று உள்ளே போய்வரும் வழியில், தோட்டத்துப் பழத்தையும் மிளகையும் வைத்து உட்கார்ந்திருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் பார்ப்பீர்கள். எந்த ஊர், சொந்த நிலமா, இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று பேச்சுக் கொடுங்கள். விளைவித்தவருக்கு இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் வரும். பருவமும் தெரிந்திருக்க வேண்டும். காப்பிப் பழம் பறிப்பது நவம்பரை ஒட்டித் தொடங்கும், மிளகு அதற்குப் பின்னால். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் "இன்னிக்குப் பறிச்ச மிளகு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மிளகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு அடியில் போகும், கலந்த பப்பாளி விதை மிதக்கும். காப்பித்தூளைத் தண்ணீரின் மேல் தூவினால் காப்பி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி உடனே நிறம் விட்டுக்கொண்டு இறங்கும். சிக்கரி கலப்பது குற்றமில்லை, பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். தேனுக்கு வீட்டுச் சோதனைகள் எதையும் நம்பாதீர்கள். டம்ளர் தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தடவுவது எதுவும் சர்க்கரைப் பாகு கலந்ததைக் காட்டிக் கொடுக்காது.

பாக்கெட் போட்ட உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு தயாரிப்பாளர்களின் பதிவு எண் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும், பெரிய நிறுவனங்களின் உரிமம் 1இல் தொடங்கும். "வீட்டில் செய்தது" என்று சொல்லும் பாக்கெட்டில் 1இல் தொடங்கும் எண் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

பாட்டிலில் வாங்கினால் மூடியை அங்கேயே டேப் ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

5. விலை கேட்கும் முன் தரம் பாருங்கள்

விலை பேசிய பிறகு குறை சொன்னால் அது பேரமாகத்தான் தெரியும், செய்தவர் மனம் சுருங்கிவிடும். முதலிலேயே சொன்னால் "சரி, மாத்தித் தர்றேன்" என்பார்கள்.

துணிப்பையில் கைப்பிடி சேரும் இடத்தில் பெட்டித் தையலும் நடுவில் குறுக்குத் தையலும் இருக்க வேண்டும். உள்ளே திருப்பி ஓரம் மடித்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேங்காய் நாலைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கூடையைத் தரையில் வைத்தால் ஆடக் கூடாது, ஒயரின் நுனிகள் உள்ளே செருகியிருக்க வேண்டும், கைப்பிடி அடி வரை இறங்கியிருந்தால் பலம்.

கைத்தறிக்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரையும், பட்டுக்கு 2004இல் வந்த சில்க் மார்க்கும் இருக்கின்றன. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது, அந்தப் பெயரைச் சொல்லி விற்பதற்குக் கூடுதல் விலை உண்டு என்பதால் முத்திரை கேட்பதில் தயக்கம் வேண்டாம். சந்தேகம் இருந்தால், கேட்டுக்கொண்டு, ஓரத்தில் தொங்கும் ஒரு இழையை எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும்.

வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் விருப்ப அடிப்படையில், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எச்யூஐடி எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. எண் பொறித்திருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். நகையில் 925 என்று பொறித்திருந்தால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி.

6. விலை: பேரம் எங்கிருந்து போகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவில் ஒரு கூடை. ஒயருக்கு 250 ரூபாய், முடைய 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 ரூபாய்க்கு விற்றால் உழைப்புக்கு நிற்பது 200. மணிக்கு 20 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு 160. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட வரவில்லை.

இதில் நீங்கள் 50 ரூபாய் குறைத்துக் கேட்கிறீர்கள். ஒயர் கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைத்திருக்கமாட்டார். அந்த 50 முழுவதும் உழைப்பிலிருந்துதான் போகும். உங்களுக்கு விலையில் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம், அவருக்குக் கூலியில் கால் பங்கு நஷ்டம். அதே கூடைக்கு 336 ரூபாய்க் கணக்கில் கூலி கொடுத்தால் விலை 670 ஆகும்.

ஆகவே பேரத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கைக் கேளுங்கள்: சாமான் செலவு எவ்வளவு, எத்தனை மணி நேரம்? பலருக்குத் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்கும் பழக்கமே இல்லை. உட்கார்ந்து சேர்ந்து போட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கு அடங்காத விலை வந்தால் அளவைச் சிறிதாக்குங்கள், எளிய பின்னலுக்கு மாறுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். கூலியைத் தொடாதீர்கள்.

மொத்தமாக வாங்கும்போது தள்ளுபடி கேட்கலாமா? கேட்கலாம், சாமான் செலவில் மட்டும். நூறு மீட்டர் துணி ஒன்றாக எடுத்தால் துணி விலை இறங்கும், அந்த மிச்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். இருநூறாவது பை தைக்கவும் முதல் பை அளவுக்கு மெஷினை மிதித்தாக வேண்டும்.

7. மாதிரி, முன்பணம், அவகாசம்

முதலில் ஒரே ஒரு மாதிரி செய்யச் சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். மாதிரியை ஓசியில் கேட்பது வழக்கமாகிவிட்டது, அதை நாம் தொடர வேண்டியதில்லை. மாதிரியை வீட்டில் வைத்துக்கொண்டு, நிறம், அளவு, எழுத்து எல்லாம் சரி என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவோடு உறுதி செய்யுங்கள். "நான் சொன்னது வேற பச்சை" என்ற தகராறு அதோடு தீரும்.

பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். துணியும் ஒயரும் வாங்கக் கையில் காசில்லாமல் பெரிய ஆர்டரைக் கைவிடும் குழுக்கள் உண்டு. கைவிட மனமில்லாதவர்கள் வட்டிக்கு வாங்குவார்கள், கூலி வட்டிக்குப் போய்விடும். கடைக்காரர்கள் செய்வதுபோல "விற்றதும் தருகிறேன்" என்று பொருளை எடுத்து வராதீர்கள்.

அவகாசம் கேட்கும்போது நம் ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கினால் ஊரே அந்த வேலையில் இருக்கும். ஐப்பசி மழையில் குழித்தறியில் (தரையில் குழி வெட்டி அமைத்த தறி) ஈரம் ஏறி நெசவு நிற்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டிய பையை ஆனியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நெருக்கினால் அவர்கள் ராத்திரி கண் விழித்துத் தைப்பார்கள், இல்லையென்றால் வெளியில் வாங்கி நிரப்புவார்கள்.

8. தர்ம காரியத்துக்கென்று விற்கும் பொருட்கள்

மெழுகுவத்தி, ஊதுவத்தி, பினாயில், வாழ்த்து அட்டை. "வாங்கினால் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போகும்" என்று வாசலில் வந்து விற்பார்கள். உண்மையாக நடத்துபவர்களும் உண்டு. அவர்கள் கேள்விக்குக் கோபப்படமாட்டார்கள்.

முதலில் வார்த்தையைப் பாருங்கள். "விற்பனைப் பணம் முழுவதும்", "லாபம் முழுவதும்", "ஒரு பங்கு" மூன்றும் வெவ்வேறு. "நூறு ரூபாய் பாக்கெட்டில் இல்லத்துக்கு எத்தனை ரூபாய்?" என்று நேராகக் கேளுங்கள்.

யார் செய்தது என்று கேளுங்கள். இல்லத்துப் பெரியவர்கள் செய்தால் அவர்களுக்குக் கூலி உண்டா? "குழந்தைகளே செய்தது" என்பதைப் பெருமையாகச் சொன்னால் நின்று விசாரியுங்கள். பள்ளியில் கைவேலை வகுப்பில் செய்வது வேறு, விற்பனைக்காக உட்கார வைப்பது வேறு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. குழந்தைகள் இல்லம் எதுவாக இருந்தாலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

அறக்கட்டளை என்றால் வருமான வரிப் பதிவும், தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் 'தர்பன்' தளத்து எண்ணும் கேளுங்கள். இரண்டையும் இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வாசலில் பணம் கொடுக்க வேண்டாம். விவரத்தை வாங்கிக்கொண்டு, சரிபார்த்த பிறகு அவர்களின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

வரிச் சலுகையில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று. பொருள் வாங்கிய பில்லுக்கு, 80ஜி என்று பலரும் சொல்லும் நன்கொடை வரிச் சலுகை கிடையாது, தனியாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. இதற்காகத்தான் முதல் படியிலேயே இரண்டு தொகையையும் பிரிக்கச் சொன்னேன்.

9. பொருள் வந்த பிறகு

வந்த அன்றே எண்ணிப் பார்த்து, மாதிரியோடு ஒப்பிட்டு, மீதிப் பணத்தை அன்றே அனுப்புங்கள். விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் மறந்துவிடும், நாம் கூப்பிடட்டும் என்று அவர்களும் கூச்சத்தோடு காத்திருப்பார்கள்.

சிறு குழுக்களிடம் ஜிஎஸ்டி பில் இருக்காது, விற்பனை வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. குழுப் பெயர், தேதி, எண்ணிக்கை, தொகை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு போதும். அலுவலகத்துக்கு வாங்குபவர்கள் தங்கள் கணக்குப் பிரிவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பில் இல்லை என்று பணம் தேங்குவது இங்கேதான்.

குறை இருந்தால் அவர்களிடமே, போனில், போட்டோவோடு சொல்லுங்கள். எந்தப் பையில் எந்த இடத்தில் பிரிந்தது என்று சொன்னால் அடுத்த முறை அங்கே இரட்டைத் தையல் போடுவார்கள். நன்றாக இருந்தால் செய்தவரின் அனுமதி கேட்டு, குழுவின் பெயரையும் நம்பரையும் சிறு சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு தாம்பூலப் பைக்குள்ளும் ஒன்று போடுங்கள். வாங்கிப் போகிறவர்களில் அடுத்த முகூர்த்தம் யார் வீட்டிலாவது இருக்கும், அவர்கள் நேராகக் குழுவுக்கே போன் போட்டுக்கொள்வார்கள்.